டிரைவர் சீட் இல்லாத பஸ்

ஜனவரி 6

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமெல்லாம் டிரிப் ஷீட்டோடு சரி. கோயம்புத்தூர் நரம்பு டாக்டர், "தினமும் குறிச்சு வைங்க. நல்லா தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா, மறுபடி மயக்கம் ஏதாவது வந்துச்சா, எல்லாத்தையும்" என்றார். சரி. தூங்கினேன். மாத்திரை போட்டேன். மயக்கம் வரவில்லை.

இதற்குமேல் எழுத என்ன இருக்கிறது? பாதி ஆயுசு பொள்ளாச்சி வால்பாறை பஸ்ஸை ஓட்டிய திருமூர்த்தி நான், இப்போது டெப்போ ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு டிரிப் ஷீட் எடுத்துக் கொடுக்கிறேன். இதற்கு லைட் டூட்டி என்று பெயர். எனக்கு இதைவிட ஹெவியான டூட்டி வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். நவம்பரில் டெப்போ கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் விழுந்துவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வண்டி எடுத்ததால் வந்த வினை. யாருக்கும் வரக்கூடியதுதான். ஸ்கேன் எடுத்தார்கள், மண்டை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் ஏப்ரலில் மெடிக்கல் போர்டு கூடி "ஓட்டலாம்" என்று எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம். அதற்குள் ஒரு தடவை மயக்கம் வந்தாலும் ஜென்மத்துக்கும் பஸ் கிடையாது.

வராது.

ஜனவரி 9

தூங்கினேன். மாத்திரை போட்டேன். என் வண்டியை இன்று ஒரு மடத்துக்குளம்காரன் எடுத்துப் போனான். கேட்டைத் தாண்டுவதற்குள் கியரை அந்தப் பாடு படுத்துகிறான். ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஜனவரி 14

பொங்கல். வெள்ளிங்கிரி வீட்டுக்கு வந்திருந்தான். என் வண்டிக்கு அவன்தான் கண்டக்டர். என் முதுகைப் பார்த்தே என் மனதைப் படிக்கிறவன். இப்போது அந்த மடத்துக்குளம்காரன் முதுகைப் படித்துக்கொண்டிருக்கிறான் பாவம்.

டிசம்பர் முழுக்க உட்கார்ந்து நான் செய்து முடித்த பொம்மை பஸ்ஸை அவனுக்குக் காட்டினேன். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டிச் செய்தது. நிஜ வண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு. நீளம் ஒரு சாண் இருக்கும். சீட், கைப்பிடிக் கம்பி, கண்ணாடியில் ஒட்டிய விபூதிப் பட்டை, பின் பம்பரில் இடது மூலை ஒடுக்கு, ஒன்றையும் விடவில்லை. சக்கரம்கூட சுற்றும்.

வெள்ளிங்கிரி குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தான். "அண்ணா, நம்ம வண்டியேதான். என்ற சீட்டுல கிழிசல்கூட இருக்குது."

"பொறவு?"

"ஆனா நிக்குதே அண்ணா. நம்ம வண்டி எப்ப நின்னுச்சு?"

அவன் போன பிறகு பொங்கல் இறங்கவில்லை. ஆமாம், நிற்கிறது. என்னை மாதிரியே நிற்கிறது.

ஜனவரி 19

மார்க்கெட் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவிடம் பஸ்ஸைக் கொண்டுபோனேன். கடுகு மாதிரி சாமானையெல்லாம் லென்ஸ் வைத்துப் பற்றவைக்கிற பெண். ரிமோட்டில் ஓட்ட வேண்டும், தள்ளிவிட்டால் ஓடுகிற கதை வேண்டாம், ஸ்டியரிங் ஒடிக்க வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்றேன்.

"இத்தனையூண்டு வண்டிக்குள்ளயா அண்ணா?"

"நாப்பது பேரு உக்காந்து போற வண்டி அம்மிணி இது. எடம் இருக்கும்."

சிரித்தாள். ஆனால் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். பின்சக்கரத்தைச் சுற்ற ஒரு சின்ன கியர் மோட்டார், முன்சக்கரத்தைத் திருப்ப சர்வோ என்று ஒன்று, ரிமோட் சொல்வதைக் கேட்க ஒரு ரிசீவர், எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரி. ஆர்டர் போட்டுவிட்டாள்.

தூங்கினேன். மாத்திரை போட்டேன்.

ஜனவரி 27

சாமான் வந்துவிட்டது. வந்ததும் வம்பும் வந்தது.

மோட்டார் பின்னால் கடைசி சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. பேட்டரி தரைக்கு அடியில் போய்விட்டது. ரிசீவர் நகத்தளவுதான், கூரையில் ஒட்டலாம். இந்தச் சர்வோதான் சனியன். தீப்பெட்டியில் பாதி இருக்கிறது. முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே நின்றால்தான் அதன் கை, முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற டை ராடைத் தள்ளும். அந்த இடத்தில் டிரைவர் சீட் இருக்கிறது.

டிரைவர் சீட்டை எடுத்தால்தான் வண்டி திரும்புமாம். ஜெசிந்தா சாதாரணமாகச் சொல்கிறாள்.

"அதை எடுக்க முடியாது" என்றேன்.

"பொம்மைக்குள்ள யாரு அண்ணா உக்காரப் போறாங்க?"

பஸ்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 2

ஞாயிறு. சர்வோவை இடது பக்கம் தள்ளிவைத்து, வளைத்த கம்பியில் இழுத்துப் பார்த்தேன். திரும்புகிறது, ஆனால் ஒரு பக்கம்தான் திரும்புகிறது. படுக்கவைத்துப் பார்த்தேன். டயர் உரசுகிறது.

வேணி பாலை அடுப்பில் வைத்து என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். டை ராடு பற்றிய யோசனையில் இருந்ததில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை. கேஸ் நாற்றம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. சாதாரண நாளாக இருந்தால் தெருவே கூடியிருக்கும், என் பெண்டாட்டி அம்சவேணியின் வாய் அப்படி. இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கேஸை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பால்தானுங்க. போனாப் போகுது" என்றாள்.

வயசாகிறது, அவளுக்கும் கோபம் குறைகிறது போல.

பிப்ரவரி 9

டிரைவர் சீட்டை எடுத்துவிட்டேன். பிளேடால் கீறி, அசைத்து, எடுத்தேன். அந்த இடத்தில் சர்வோ கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததைப் பார்க்க வயிறெரிந்தது. டை ராடுக்கு வேணியிடம் ஒரு ஊக்கு வாங்கி நிமிர்த்திப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 10

மாத்திரை போட்டேன். தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன் போல, குழம்பு எரிகிறது.

பிப்ரவரி 16

ஓடியது!

முதலில் எழுத வேண்டியது அதுதான். கூடத்தில் வைத்து ரிமோட்டைப் போட்டேன். ரிமோட்டுக் குச்சியைத் தொட்டதும் என் பஸ் எலி மாதிரி பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகிறது, வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போகிறது. வேணி சேர் மேல் ஏறிக்கொண்டு கத்துகிறாள்.

"ஏனுங்க, இதையா இத்தன வருசம் மலைக்கு ஓட்டுனீங்க?"

அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. நானும் சிரித்தேன். இடம் வலம் மாறியதற்கு ரிமோட்டிலேயே ஒரு பட்டன் இருக்கிறதாம், ஜெசிந்தா போனில் சொல்லிச் சரியாகிவிட்டது. வேகத்தைக் குறைக்கத்தான் வேறு மோட்டார் வேண்டும். மலை வண்டி எலி மாதிரி ஓடக்கூடாது.

பிப்ரவரி 23

நிதானமான மோட்டார் வந்தது. இப்போது வண்டி கனத்தோடு நகர்கிறது. ஆள் ஏற்றின வண்டி மாதிரி.

கடையில் ஜெசிந்தா ரிமோட்டில் இன்னொன்றும் செய்து கொடுத்தாள். "அண்ணா, நடுவுல சிக்னல் போச்சுன்னா வண்டி என்ன பண்ணணும்னு இப்பவே சொல்லி வெச்சிரலாம். இல்லாட்டி கடைசியா சொன்னதையே புடிச்சிட்டு ஓடிக்கிட்டே இருக்கும்."

"நின்னுரோணும். அந்த எடத்துலயே நின்னுரோணும்" என்றேன்.

அப்படியே அமைத்தாள். கடை வாசலில் ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார்த்தோம். வண்டி உடனே நின்றது. திரும்பத் திரும்பப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் நின்றது. நிஜ பஸ்ஸுக்கு இப்படி ஒன்று இருந்தால் போர்டுக்கு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தமாஷுக்குத்தான்.

மார்ச் 2

மொட்டை மாடியில் மலை போட்டிருக்கிறேன். சாக்பீஸால்தான். ஆழியாறு செக்போஸ்டிலிருந்து ஆரம்பித்து அட்டகட்டி வரை எத்தனை வளைவு அடங்குமோ அத்தனை. ரோட்டின் அகலம், வளைவின் வட்டம், எல்லாம் ஐம்பதில் ஒரு பங்கு. தடுப்புச் சுவருக்கு உடைந்த டைல்ஸ் துண்டுகளை நிறுத்தினேன். பார்த்து வரைய எனக்குப் படம் தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் ரோடு வந்துவிடுகிறது.

வெளியாள் யாருக்கும் இது புரியாது. செக்போஸ்ட் தாண்டினதும் காற்று மாறும். இன்ஜின் சூடு இடது முழங்காலில் வந்து உட்காரும். முதல் வளைவு ஏறும்போது பின்னால் பேச்செல்லாம் அடங்கும், சின்னக் குழந்தை மட்டும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும். ஒன்பதாவது வளைவில் அணை முழுசாகக் கீழே தெரியும். அங்கே சுவர் மேல் வரையாடு நின்று, நம்மை வரி கேட்கிற மாதிரி பார்க்கும். அட்டகட்டி தாண்டினால் ஈரம். ரொட்டிக்கடை ஸ்டாப்பில் தோட்டத்துப் பெண்கள் கூடையோடு ஏறி, "டிரைவரண்ணா, மெதுவா போங்க, பிள்ளைத்தாச்சி இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்லித்தான் நான் மெதுவாகப் போக வேண்டுமா? இருந்தாலும் சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன்.

கொண்டை ஊசி வளைவில் ரோடு திரும்புகிற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. திருப்பினால் பின்சக்கரம் உள்பக்கம் ஏறிவிடும். நேராகப் போக வேண்டும். வண்டியின் மூக்கு சுவர் தாண்டி வெறும் ஆகாயத்துக்கு மேல் நிற்கிற வரை போக வேண்டும். முன் சீட்டுக்காரர்கள் சாமி பேரைச் சொல்வார்கள். அப்போதுதான் ஒடிக்க வேண்டும். அந்த ஒரு நொடி முழுக்க முழுக்க டிரைவருடையது. அந்த நொடிக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் பெரிதாக வேண்டாம்.

மார்ச் 5

மாடியில் பாதியை வேணி வடகத்துக்குப் பிடித்துக்கொண்டாள். வெயில் காலம், கேட்க முடியாது. ஆனால் வடகம் தானாகக் காயும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. இவள் நான் மாடியில் இருக்கும் நேரமெல்லாம் மாடியிலேயே இருக்கிறாள். ஒரே புடவையை உதறிக் காயப்போடுகிறாள், எடுக்கிறாள், மறுபடி போடுகிறாள். போன வாரத்திலிருந்து குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்கிறாள், தாழ்ப்பாள் துருப்பிடித்து மாட்டிக்கொள்கிறதாம். எனக்கு மாட்டிக்கொள்ளவே இல்லை.

மார்ச் 9

மலை ஏறினேன். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நிஜத்தில் எப்படி ஒடிப்பேனோ அப்படியே. கையில் ஸ்டியரிங் இல்லை, இரண்டு குச்சிதான், ஆனால் உடம்பு முழுக்க சாய்கிறது. சந்தோஷத்தில் வாய்விட்டு ஹாரன் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒன்பதாவது வளைவில் சிக்னல் அறுந்துவிட்டது. வண்டி நேராகப் போய் டைல்ஸ் சுவரைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மோதிக் கிடந்தது. முன் கண்ணாடி போச்சு. தொட்டிக்குள் இரும்புக் கம்பி இருக்கும், அதுதான் சிக்னலைத் தடுத்திருக்கும்.

தூங்கினேன். மாத்திரை போட்டேன். மயக்கம் வரவில்லை.

மார்ச் 16

ரிசீவரின் ஆன்டெனா ஒயரைக் கூரைக்கு மேல் எடுத்துவிட்டு, வளைவுகளைத் தொட்டியிலிருந்து தள்ளி மறுபடி வரைந்தேன். அப்படியும் அதே கதை. எட்டாவது வளைவு தாண்டினதும் சிக்னல் போய், வண்டி வடகத் துணி மேல் ஏறி, அக்கரையில் இறங்கி, மாடிப்படியில் உருண்டு விழுந்தது. டை ராடு வளைந்துவிட்டது.

படியில் இறங்கப் போனேன். வேணி தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "பஸ்ஸு எங்கயும் போகாது. செத்த நேரம் உக்காருங்க." தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை. அவள் வடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 20

வெள்ளிங்கிரி ஆபீசுக்கே ஓடி வந்தான். போர்டு தேதி வந்துவிட்டது. ஏப்ரல் மூன்று.

"அண்ணா, விசாரிச்சுட்டேன். ஸ்கேன் படம் எல்லாம் கிளியரா இருக்குதாம். அதுக்கப்பறம் ஒரு தடவயாச்சும் வந்துச்சான்னு கேப்பாங்க. இல்லீங்கன்னு சொல்லோணும். சோலி முடிஞ்சுது. மேல போயி ரொட்டிக்கடைல பஜ்ஜி திங்கறோம்."

"மடத்துக்குளத்தான் என்ன பண்றான்?"

"அதை ஏன் கேக்கறீங்க. ஒவ்வொரு வளைவுக்கும் நான் வேண்டிக்கற வேண்டுதல நெனச்சா, பழனிக்கு நடந்தே போகோணும்."

வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைத் தேய்த்து மாட்டினேன். வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 22

ஜெசிந்தா டை ராடை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிரித்துப் போட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். ரிமோட்டைத் தெருக்கோடி வரை கொண்டுபோய் அழுத்திப் பார்த்தாள். வண்டி சொன்னபடி கேட்கிறது.

"சிக்னல்ல கோளாறே இல்ல அண்ணா."

"அறுந்து போச்சு அம்மிணி. நான் கண்ணால பாத்தேன்."

"அறுந்திருந்தா வண்டி நின்னிருக்கும். நாமதான செட் பண்ணி வெச்சோம்? நிக்காம நேரா போயி மோதுச்சுன்னா, அப்ப நீங்க குச்சிய அழுத்திட்டேதான் இருந்திருக்கீங்க. வேற வழியில்ல."

"மலை ரோட்டுல நேராப் போயி முட்டறதுக்கு நான் என்ன புதுசா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் முகம் வாடிவிட்டது. அப்புறமும் பொறுமையாக, "ஒண்ணு பண்ணுங்க. ஓட்டறப்ப போனை எதுலயாச்சும் சாத்தி வெச்சு வீடியோ எடுங்க. எங்க தப்புன்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

மார்ச் 23

துணிக் கம்பத்தில் போனைக் கட்டி வீடியோ எடுத்தேன். பார்த்தேன்.

மார்ச் 24

வீடியோவை அழித்துவிட்டேன். மாத்திரை போட்டேன். மயக்கம் வரவில்லை.

மார்ச் 26

அழித்தால் போய்விடுமா? கண்ணை மூடினால் முன்பு ரோடு வரும். இப்போது அதுதான் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் நிற்கிறேன். பஸ் ஏறுகிறது. எட்டாவது வளைவை அழகாக ஒடிக்கிறேன். அதற்கப்புறம் அங்கே நான் இல்லை. உடம்பு நிற்கிறது, சட்டை என்னுடையதுதான், கண்கூடத் திறந்திருக்கிறது. வாய் எதையோ மென்றுகொண்டிருக்கிறது. கட்டைவிரல் குச்சியை முன்னால் தள்ளியபடியே இருக்கிறது. வண்டி போய்ச் சுவரில் முட்டி, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே கிடக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு துளிகூட ஞாபகம் இல்லை. எட்டாவது வளைவு ஞாபகம் இருக்கிறது, மோதிக் கிடந்த பஸ் ஞாபகம் இருக்கிறது. நடுவில் வெட்டி ஒட்டினது மாதிரி இருக்கிறது.

பிறகு வேணி வருகிறாள். ஓடி வரவில்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்ய வருகிறவள் மாதிரி வருகிறாள். என் கட்டைவிரலைக் குச்சியிலிருந்து மெதுவாக எடுத்துவிடுகிறாள். ரிமோட்டை வாங்கிக் கீழே வைக்கிறாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் என் வாயைத் துடைக்கிறாள். "ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்ல, வந்துருங்க" என்கிறாள். போனில் தெளிவாகக் கேட்கிறது. என் கண் அசைந்ததும் ரிமோட்டை என் கையில் திருப்பி வைக்கிறாள். விலகிப் போய்க் கொடியில் கிடந்த புடவையை எடுத்து உதறுகிறாள்.

அப்புறம் நான் பேசுகிறேன். "பாத்தியா, சிக்னல் போயிருச்சு."

"ஆமாங்க, போயிருச்சு" என்கிறாள் அவள்.

மார்ச் 30

இன்று அவளைக் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எத்தன தடவ வந்துச்சு?"

கை நின்றது. எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. "எண்ணலீங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா?" என்றாள். கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பஸ்ஸு இல்லாம நீங்க என்ன ஆவீங்கன்னு எனக்குத் தெரியாதா? நின்னுரும், அடுத்த மாத்தரைல நின்னுரும்னு நானும் பாத்துட்டேதான் இருந்தேன். சொல்லோணும் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வரும். நீங்க சாக்பீஸோட மண்டி போட்டு ரோடு போட்டுட்டு இருப்பீங்க. எப்பிடிச் சொல்றது?"

"போர்டுல நீ சொல்லிருவியா?"

"நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்லோணும்." ஒரு கீரைக் காம்பை உருவிப் போட்டுவிட்டு, "ஆனா நீங்க இல்லைன்னு சொல்லீட்டு வண்டி எடுத்தீங்கன்னா, தெனமும் நானும் ஏறி உங்க பக்கத்துலயே உக்காந்துக்குவேன். எறக்கிவிட முடியாது" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

இரண்டு நாளாக எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்கிறான். மாத்திரையைக் கூட்டினால் நின்றுவிடும் என்கிறான். டெப்போவில் யாருக்கும் தெரியாது என்கிறான். ஒரு சொல்தானே, இல்லீங்க என்கிற ஒரே சொல், எத்தனை பேர் எத்தனைக்கோ சொல்கிறார்கள் என்கிறான். அவன் சொல்வதெல்லாம் சரியாகத்தான் படுகிறது. வண்டியின் மூக்கு ஆகாயத்துக்கு மேல் நிற்கிற அந்த நொடியை நினைக்கும்வரைதான் சரியாகப் படுகிறது. அந்த நொடியில் நான் இல்லாமல் போனால், பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைத்தாச்சியின் காலா பிரேக்கை மிதிக்கும்?

ஏப்ரல் 1

தூங்கவில்லை. மாத்திரை போட்டேன். இன்று காலை பல் தேய்க்கும்போது வந்ததாம். வேணி சொன்னாள். சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

காக்கி போடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் வேணி ஜன்னலோரம், நான் அவள் பக்கத்தில்.

போர்டில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் நல்ல மனுஷர், படங்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கே திருமூர்த்தி. மலைக்குப் போக அவசரமா?" என்று சிரித்தார்.

"ஆமாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"நவம்பருக்கு அப்புறம் மறுபடி வந்துச்சா?"

பேனாவைத் திறந்து வைத்திருந்தார். இல்லீங்க என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் நாளைக்கே செக்போஸ்ட், காற்று, அணை, எல்லாம்.

"வருதுங்க" என்றேன்.

பக்கத்து டாக்டர் நிமிர்ந்தார். நடுவில் இருந்தவர் சிரிப்பை நிறுத்தினார். "எப்படி வரும்? எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் அப்ப இருக்கறதில்ல. வெளிய என்ற சம்சாரம் நிக்குது. அதைக் கேளுங்க. அதுதான் கூட இருந்துச்சு."

வேணியை உள்ளே கூப்பிட்டார்கள். நின்றுகொண்டே சொன்னாள். அவள் சொன்னதை நானும் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டேன், யாரோ ஒருவன் கதை மாதிரி. சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தானாம். கோயில் வரிசையில் கற்பூரத் தட்டின் மேல் கையை நீட்டியபடி நின்றுவிட்டானாம், அவள் பின்னாலிருந்து கையை நகர்த்தியிருக்காவிட்டால் சுட்டிருக்குமாம். எனக்கு எதுவுமே தெரியாது. இத்தனை நாளும் என்னை ஓட்டிக்கொண்டு வந்தது இவள்தான் என்று புரிந்தது.

நடுவில் இருந்த டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மருந்து மாற்றலாம், நல்லபடியாக இருக்கலாம், ஆனால் பஸ் இல்லை, இனி எப்போதும் இல்லை என்றார்.

திரும்பி வந்து பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வால்பாறைத் தடத்தில் என் வண்டி நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மடத்துக்குளத்தான் சீட்டில். வெள்ளிங்கிரி கீழே நின்றபடி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினான். என் முதுகைப் படித்துப் பழகினவனுக்கு முகத்தைப் படிக்கவா தெரியாது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை. நேரம் தாண்டிவிட்டது, உள்ளே ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறான். வெள்ளிங்கிரி ஊதவில்லை. நான் இல்லாமல் வண்டியை எடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

நான் போய் வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். வாழ்நாள் முழுக்க கண்டக்டரின் அந்தக் குரலை முன்னால் இருந்து கேட்டவன், இன்றுதான் கீழே நின்று முதல் தடவையாகச் சொன்னேன்.

"போலாம், ரைட்!"

வண்டி நகர்ந்தது. முதல் கியரைச் சரியாகத்தான் போட்டான். ஆழியாறு ரோட்டில் திரும்பி மறையும்வரை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க அழுதேன். வேணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நான் இங்கதான் புள்ள இருக்கறேன், மயக்கமில்ல, அழுகறேன்" என்றேன். "தெரியுதுங்க" என்றாள்.

டாக்டர் எழுதச் சொன்னதை எழுதுகிறேன். புது மாத்திரை போட்டேன். எனக்கு ஓட்ட வேண்டும். இப்போதும் ஓட்ட வேண்டும்.